கட்டையில் வேர்பிடிக்கும் செடிகள்

மீன் தொட்டிக்குள் அனுபியாஸ் செடி செத்துப்போனால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். வாங்கி வந்தவர் அதை அக்கறையாக மணலில் குழி பறித்து நட்டிருப்பார். செடி என்றால் அடித்தண்டு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது நம் கைக்குப் பழகிப்போன விஷயம். துளசியானாலும் தக்காளியானாலும் அப்படித்தானே நடுகிறோம். அதே பழக்கத்தில் இதையும் நட்டால் முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஓர் இலை காம்போடு கழன்று மேலே மிதக்கும். சில நாளில் இன்னொன்று. மணலைக் கிளறிப் பார்த்தால், பச்சையாக விறைப்பாக இருந்த தண்டு பழுப்பாகிக் கொழகொழத்திருக்கும், தொட்டாலே நசுங்கும், வெளியே எடுத்தால் நாற்றம் அடிக்கும்.

"அண்ணா, உரமும் போட்டேன், லைட்டும் மாத்தினேன், அப்பவும் அழுகுது" என்று பக்கத்து வீட்டுத் தம்பி வந்து நின்றான். உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்து, அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போய் ஆசையாக ஒரு கட்டையும் நாலு செடியும் வாங்கி வந்துவிட்டு, இதை எப்படி அதில் ஏற்றுவது என்று விழிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் இந்தச் செடிகள் எங்கே வளர்கின்றன என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால் பாதி விஷயம் தானாகப் புரிந்துவிடும். அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் மழைக்காட்டு ஓடைகளில் வளர்வது. ஓடையில் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும், வேகமாக ஓடும், கரை மண்ணை அடித்துக்கொண்டு போகும். அந்த இடத்தில் மண்ணை நம்பி வேர்விட்ட செடி மண்ணோடு போய்விடும். பாறையையும் விழுந்து கிடக்கும் மரத்தையும் பிடித்துக்கொண்ட செடிதான் நிற்கும். தண்ணீர் ஏறினால் முழுகிக்கிடக்கும், இறங்கினால் ஈரக்காற்றில் நிற்கும். இரண்டுக்கும் பழகியது. ஜாவா ஃபெர்ன் இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை ஓடைப் பாறைகளில் இதே வாழ்க்கை வாழ்கிறது. பூசெஃபலாண்ட்ரா என்று இப்போது அதிக விலைக்கு விற்கும் செடி போர்னியோ தீவின் ஓடைப்பாறைகளுக்கே உரியது. போல்பிடிஸ் என்ற நீர்ப்பெரணி ஆப்பிரிக்காவுடையது. ஜாவா மோஸ், கிறிஸ்துமஸ் மோஸ் போன்றவற்றுக்கு உண்மையான வேர் என்பதே கிடையாது. மெல்லிய இழைகளால் பரப்பைப் பிடித்துக்கொள்கின்றன.

மேற்குத்தொடர்ச்சி மலைச் சோலைகளில் மரக்கிளை மேல் ஆர்க்கிட் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மரத்தை உறிஞ்சி வாழ்வதில்லை. உட்கார ஓர் இடம் கேட்கிறது, அவ்வளவே. நம் தொட்டிச் செடிகளும் அந்த மாதிரித் தொற்றுத் தாவரங்கள்தான். கட்டையிலிருந்து சாப்பாடு எதையும் எடுத்துக்கொள்வதில்லை. வேர் பிடிப்பதற்கு, சாப்பாடு தண்ணீரிலிருந்து.

அனுபியாஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலைகளுக்கும் வேருக்கும் நடுவே கிடையாக ஒரு தடித்த தண்டு ஓடுகிறது. இஞ்சி எந்த மாதிரித் தண்டோ அதே மாதிரிதான் இதுவும். கடைக்காரர்கள் ரைசோம் என்பார்கள். மேல்பக்கம் ஒன்றுவிட்டு ஒன்றாக இலை, கீழ்ப்பக்கம் வேர், ஒரு நுனியில் புது இலை சுருண்டு வரும் மொட்டு. இஞ்சிக்கு மண்ணுக்குள் இருப்பது இயல்பு. இதற்கு ஓடும் தண்ணீர் நாலாபக்கமும் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மணலுக்குள் புதைத்தால் அங்கே நீரோட்டம் இல்லை, ஆக்சிஜன் குறைவு. தண்டு மூச்சுமுட்டி, அழுகவைக்கும் பாக்டீரியாவுக்கு இரையாகிறது. வேர் மட்டும் மணலில் இறங்கினால் ஒன்றும் ஆகாது. தண்டு வெளியே தெரிய வேண்டும். தம்பி செய்த எல்லாவற்றிலும் பிழை அந்த ஒரு விரற்கடை ஆழம்தான்.

இன்னொரு விஷயம் சொன்னால் நம் வீடுகளில் உடனே புரியும். அனுபியாஸும் பூசெஃபலாண்ட்ராவும் சேம்பு, கருணை, சேனை எல்லாம் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவை. கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அனுபியாஸ் இலையிலும் உண்டு. எதைப் போட்டாலும் மேயும் கோல்ட்ஃபிஷ் இதை அதிகம் சீண்டாமல் விடுவதற்கு அந்த ஊசிகளும் தடித்த இலையும் காரணம். கோல்ட்ஃபிஷ், சிக்லிட் வளர்ப்பவர்கள் "எங்கள் தொட்டியில் செடியே நிற்காது, தோண்டிப் போட்டுவிடும்" என்பார்கள். மணலில் நட்டதைத்தான் மீன் தோண்டும். கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்ட செடியைத் தோண்ட முடியாது. செடி ஆசையை விட்டுவிட்ட கோல்ட்ஃபிஷ்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இனி கட்டை. கடையில் டிரிஃப்ட்வுட் என்று எடைபோட்டு விற்பார்கள். மலேசியன் என்று வருவது கனமாக, கறுத்து இருக்கும், போட்டதும் முழுகிவிடும். மோப்பானி தெற்கு ஆப்பிரிக்கா பக்கத்து மரம். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெளிர் நிறமாக, கல்போல் இருக்கும். சாயம் அதிகம் விடும். ஸ்பைடர் வுட் என்பது மெல்லிய கைகள் விரிந்த வேர். பார்க்க அழகு, ஆனால் சில வாரம் மிதந்துகொண்டே இருக்கும். வாங்கும்போது நான் அழகை மட்டும் பார்ப்பதில்லை, நகத்தால் கீறியும் பார்ப்பேன். நகம் உள்ளே இறங்கினால் கட்டை உளுத்திருக்கிறது. பட்டை உரிந்து தொங்கினால் அதை முழுக்க உரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் செடி பட்டையைப் பிடித்துக்கொண்டு, பிறகு பட்டையோடு சேர்ந்து கழன்றுவிடும்.

வீட்டுக் கொல்லையில் கிடைத்ததைப் போடலாமா என்று கேட்பார்கள். நன்றாகக் காய்ந்த பழைய கொய்யாக் கட்டை போடலாம். பச்சைக் கட்டை வேண்டாம். உள்ளே இருக்கும் சாறு தண்ணீரைக் கெடுக்கும். அரளி விஷம். எருக்கு, கள்ளி என்று பால் வடியும் எதுவும் கூடாது. பிசின் வடியும் ஊசியிலை மரங்களும் வேண்டாம். கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஊறியிருக்கும். அலையாத்திக் காட்டில் வேரை வெட்டி எடுத்து வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அந்தக் காடு அப்படியே இருக்கட்டும். தச்சுப்பட்டறைத் துண்டுகளில் பூச்சிமருந்தோ வார்னிஷோ இருக்கும்.

முதல்முறை செய்பவருக்கு நான் சிபாரிசு செய்வது கட்டையைக்கூட அல்ல, கொட்டாங்குச்சியை. தேங்காய்ப் பருப்பைத் துளி மிச்சமில்லாமல் வழித்தெடுத்து, நாரைச் சுரண்டி, கொதிக்க வைத்து, ஓரத்தில் மீன் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்துவிட்டால் குகை தயார். மேலே மோஸோ சின்ன அனுபியாஸோ ஏற்றலாம். காசு செலவில்லை, கெட்டுப்போனாலும் வருத்தமில்லை, கை பழகும்.

கட்டையை வாங்கி வந்ததும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, பாத்திரத்தில் அடங்கினால் ஒன்றிரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். அடங்காத பெரிய கட்டையை டிரம்மில் முழுக்க ஊறப்போட்டு, சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். கொதிக்க வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும், கட்டைக்குள் இருக்கும் காற்று வெளியேறிச் சீக்கிரம் முழுகும், சாயமும் கொஞ்சம் இறங்கும். அந்தச் சாயம் டேனின். நாம் குடிக்கும் டீக்கு நிறமும் துவர்ப்பும் தருவதும் அந்த வகைப் பொருள்தான். அதனால்தான் கட்டை போட்ட தொட்டி வடிகட்டிய வெறும் டீ போல ஆகிவிடுகிறது. மீனுக்குக் கெடுதல் இல்லை. ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் காய்ந்த நாட்டுவாதுமை இலையைத் தேடிப்போய்த் தொட்டியில் போடுவது இந்தச் சாற்றுக்காகத்தான். நிறம் பிடிக்காவிட்டால் வாரம் ஒருமுறை தண்ணீரில் கால்பங்கு மாற்றிக்கொண்டே வாருங்கள், குறைந்துவிடும். கட்டை போட்டால் தண்ணீர் அமிலமாகிவிடும் என்று பயமுறுத்துவார்கள். சென்னைப் பக்கத்து போர் தண்ணீர் போன்ற கடினமான நீரில் அந்த மாற்றம் கண்ணுக்கே தெரியாது.

தொட்டிக்குள் போட்ட முதல் வாரங்களில் கட்டை மேல் வெள்ளையாக, வழவழவென்று ஒரு படலம் படரும். இதைக் கண்டு கட்டையைத் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. மரத்திலிருந்து கசியும் சர்க்கரைச் சத்தைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அவை. சத்து தீர்ந்ததும் தானாகப் போய்விடும். இறாலும் நத்தையும் ஆசையாக மேயும். செடியின் தண்டு மேல் படர்ந்தால் மட்டும் பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்ல எடுத்துவிடுங்கள். பொறுமை இருந்தால் இன்னும் நல்ல வழி, வெறும் கட்டையைத் தனி டப்பில் போட்டு இந்தப் படலம் வந்து போகும்வரை காத்திருந்து, பிறகு செடி ஏற்றுவது.

இப்போது செடியைத் தயார் செய்வோம். தொட்டிச் செடிகள் சின்னப் பிளாஸ்டிக் கூடையில் வரும். வேரைச் சுற்றி மஞ்சள் கலந்த பஞ்சு போன்ற ஒன்று இருக்கும். அது கல்லை உருக்கி இழையாக்கிய ராக்வூல். குழாய்த் தண்ணீரில் காட்டி, இடுக்கியால் கொஞ்சம் கொஞ்சமாக முழுவதையும் எடுத்துவிட வேண்டும். இந்த வேலையில் அவசரப்படக் கூடாது. பழுத்த இலையைக் காம்பின் அடியிலேயே வெட்டுங்கள். நீளமாகத் தொங்கும் வேரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்கிவிடுங்கள். பழைய வேர் கட்டையைப் பிடிக்காது. பிடிக்கப்போவது இனி முளைக்கும் புது வேர்தான். பழசு புதர்போல் இருந்தால் தண்டு கட்டையோடு ஒட்டி உட்காராது. பிறகு தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, பச்சையாக இருக்க வேண்டும். எங்காவது மெத்தென்று இருந்தால், நல்ல பகுதி வரும்வரை கூர்மையான பிளேடால் வெட்டி எறியுங்கள். நீளமான தண்டை இரண்டாகவும் ஆக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நாலு இலையாவது இருக்கட்டும். வெட்டியபின் கை கழுவிக்கொள்ளுங்கள்.

கட்டையில் எங்கே வைப்பது? கிளை பிரியும் கவட்டை, முடிச்சு, பள்ளம் போன்ற இடங்கள். அங்கே தண்டு தானாகப் பொருந்தி உட்காரும்; புது வேருக்கும் இரண்டு பக்கமும் பிடிமானம் கிடைக்கும். வழுவழுப்பான வளைவின் உச்சியில் வைத்தால் பிடிக்க அதிக நாள் ஆகும். அழகும் அந்தக் கவட்டையில்தான் இருக்கிறது. ஜப்பானில் நீகாட்டாவில் 1954இல் பிறந்த தகாஷி அமானோ 1982இல் தன் நிறுவனத்தைத் தொடங்கி, தொட்டியைக் காட்டுக் காட்சியாக அமைக்கும் முறையை உலகத்துக்கே பழக்கியவர். 2015இல் லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத்தில் 1,60,000 லிட்டர் தொட்டி ஒன்றை அமைத்துவிட்டு அதே ஆண்டில் காலமானார். அவருடைய தொட்டிப் படங்களைக் கவனித்துப் பாருங்கள். கட்டை எங்கே முடிகிறது, செடி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. மூட்டுகளில் பெரணியும் மோஸும் மூடியிருக்கும், தனித்தனித் துண்டுகள் ஒரே மரமாகத் தெரியும். அந்த அழகு வெறும் ரசனையால் வந்ததல்ல. இந்தச் செடிகள் இயற்கையில் எங்கே ஒதுங்கி வளரும் என்று பார்த்து வந்தது.

ஏற்றுவதற்கு இரண்டு வழி. நூலால் கட்டுவது, பசையால் ஒட்டுவது. எதுவானாலும் அது தற்காலிக ஏற்பாடு. செடி தன் வேரால் கட்டையைப் பிடிக்கும்வரை அது நகராமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் நம் வேலை. "நல்லா இறுக்கிக் கட்டினா சீக்கிரம் பிடிக்குமா அண்ணா?" என்று தம்பி கேட்டான். பிடிக்காது. இறுக்கினால் நூல் தண்டை அறுத்து உள்ளே இறங்கும், அந்த வெட்டில் அழுகல் தொடங்கும். நகராத அளவுக்கு இறுக்கம் இருந்தால் போதும்.

நூல் என்றால் அனுபியாஸுக்குக் கறுப்பு அல்லது பழுப்புப் பருத்தித் தையல் நூலே போதும். தண்டைக் கட்டை மேல் வைத்து, நூலை இலைக்காம்புகளுக்கு நடுவே விட்டு எடுத்து, கட்டையைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று வந்து, கட்டையின் அடிப்பக்கத்தில் முடிச்சுப் போடுங்கள். வளரும் நுனியின் மேல் நூல் போகக் கூடாது. அது மொட்டு, அதை நசுக்கினால் செடி நின்றுவிடும். கட்டியபின் கட்டையைத் தலைகீழாகப் பிடித்து லேசாக உதறிப் பாருங்கள். செடி ஆடாமல் இருந்தால் சரி. பருத்தி தண்ணீரில் சில வாரங்களில் இற்றுப்போகும். அதற்குள் அனுபியாஸ் பெரும்பாலும் வேர்விட்டிருக்கும். ஜாவா ஃபெர்ன் கொஞ்சம் தாமதமாகப் பிடிக்கும். அதற்கும் மோஸுக்கும் பாலியெஸ்டர் நூலோ மெல்லிய தூண்டில் நரம்போதான் என் தேர்வு.

பசை என்றால் நாம் ஃபெவிக்விக் என்று கேட்டு வாங்கும் சயனோஅக்ரிலேட். மீன் செத்துவிடாதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நியாயமான கேள்வி. ஹாரி கூவர் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1942இல் கோடாக் நிறுவனத்தில் துப்பாக்கிக் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடும்போது இதைக் கண்டார். தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்டதால் உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். பல வருடம் கழித்து, ஒட்டுவதுதான் இதன் குணம் என்று புரிந்து, 1958இல் பசையாகவே விற்பனைக்கு வந்தது. இதே வகையைச் சேர்ந்த வேறொரு சேர்மத்தைத் தையலுக்குப் பதிலாகக் காயத்தை மூட மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். இறுகும்வரைதான் இதில் காரம். காற்றிலும் பரப்பிலும் இருக்கும் துளி ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காகிவிடுகின்றன. இறுகிய பிளாஸ்டிக் தண்ணீரில் கரைந்து மீனைத் தொந்தரவு செய்வதில்லை. செடி வளர்ப்பவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வாங்கும்போது பெயரைப் பார்த்து வாங்குங்கள். பெயின்ட் கடையில் கிடைக்கும் எல்லாப் பசையும் இதல்ல.

நீர்த்த பசையைவிட ஜெல் வகை நல்லது, வழியாது. கட்டையைத் துணியால் ஒற்றி, ஈரம் சொட்டாத நிலைக்குக் கொண்டு வாருங்கள். தண்டின் அடியிலோ வேர்க்கொத்திலோ ஒரு மிளகளவு ஜெல் வைத்து, கட்டையில் அழுத்தி, இருபது முப்பது விநாடி அசையாமல் பிடியுங்கள். அவ்வளவுதான். நிறைய வைத்தால் உறுதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். மெல்லிய படலம்தான் சீக்கிரம் இறுகும். திட்டாக வைத்தது வெளியே இறுகி உள்ளே ஈரமாக இருக்கும், தண்ணீர் பட்டதும் வெள்ளையாகத் தெரியும். வளரும் நுனியில் பசை படக் கூடாது. பூசெஃபலாண்ட்ரா போன்ற குட்டிச் செடிகளுக்கு நூலைவிட இதுதான் சுலபம். தொட்டியைக் காலி செய்யாமல் உள்ளேயே ஒட்டவும் முடியும். வெளியே செடியில் ஜெல்லை வைத்து, தாமதிக்காமல் உள்ளே கொண்டுபோய், கட்டையில் வைத்து லேசாகத் திருகி அழுத்துங்கள். தண்ணீர் பட்டதும் ஜெல் மேல் ஒரு தோல் படிந்திருக்கும். திருகினால் அது கிழிந்து உள்ளிருக்கும் பசை கட்டையில் ஒட்டும்.

ஓர் எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தப் பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் நிறையப் பட்டால் வேகமாக இறுகிச் சூடேறும், புகைகூட வரும், தோலைச் சுடும். பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு இந்த வேலை செய்யக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் ட்யூபைக் கீழே வைக்காதீர்கள். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவிடுங்கள், அல்லது நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் தொட்டு மெல்ல விடுவியுங்கள். கை நன்றாகக் கழுவியபிறகே தொட்டிக்குள் விட வேண்டும்.

மோஸ் வேறு கதை. எல்லோரும் செய்வது ஒரு கொத்தை அப்படியே வைத்துச் சுற்றிக் கட்டுவது. அன்றைக்குப் பார்க்கப் பசுமையாக இருக்கும். அடியில் வெளிச்சமும் நீரோட்டமும் போகாது. கீழ்ப்படை பழுப்பாகிச் செத்து, ஒரு நாள் மொத்தமும் தொப்பியைக் கழற்றியதுபோல மேலே வந்துவிடும். மோஸைக் கத்தரியால் ஒரு சென்டிமீட்டர் துணுக்குகளாக நறுக்குங்கள். ஈரக் கட்டை மேல் மெல்லியதாகப் பரப்புங்கள், இடையிடையே கட்டை தெரிய வேண்டும். பிறகு நூலை நெருக்கமாக, குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி வாருங்கள். வேலை முடியும்வரை தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள். மோஸ் காய்ந்தால் போச்சு. முதல் ஒரு மாதம் ஏழ்மையாகத்தான் தெரியும். பிறகு ஒவ்வொரு வெட்டுமுனையிலிருந்தும் கிளைவிட்டு நூலை மூடிவிடும். வளர்ந்ததும் கத்தரித்துவிட வேண்டும். கத்தரிக்கக் கத்தரிக்கத்தான் அடர்த்தி. கத்தரிக்கும்போது ஃபில்டரை நிறுத்திவிட்டு, மிதக்கும் துணுக்குகளை வலையால் அள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் ஃபில்டர் ஸ்பாஞ்சு முதல் மூலைமுடுக்கு வரை எங்கும் மோஸ்தான். ஜாவா மோஸ் கட்டையை அவ்வளவு கெட்டியாகப் பிடிக்காது, அதனால் அதன் நரம்பை எடுக்காமலே விட்டுவிடலாம். கிறிஸ்துமஸ் மோஸ் இன்னும் நன்றாக ஒட்டும்.

ஏற்றி முடித்த இரண்டு மூன்று வாரத்தில் பழைய இலைகள் மஞ்சளாகும். இங்கேதான் பலர் பயந்து செடியைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள். பண்ணைகளில் இவற்றைப் பெரும்பாலும் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கிறார்கள். காற்றில் விட்ட இலை தண்ணீருக்கு ஏற்றதல்ல. செடி அதை உதிர்த்துவிட்டுத் தண்ணீருக்கான இலையைப் புதிதாக விடும். தண்டு கெட்டியாக இருக்கும்வரை கவலை வேண்டாம். ஆட்டிப் பார்க்காதீர்கள், முளைத்த மெல்லிய வேர்முனை ஒவ்வொரு ஆட்டத்திலும் கட்டையைவிட்டு விலகும். அனுபியாஸ் மாதத்துக்கு ஒன்றிரண்டு இலை விட்டாலே நன்றாக வளர்கிறது என்று அர்த்தம். ஜாவா ஃபெர்னில் இலையின் அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்தால் அது நோய் இல்லை, வித்துகள். இலை நுனியில் குட்டிச் செடியே வேரோடு தொங்கும். பிய்த்து இன்னொரு கவட்டையில் வைத்துவிடலாம். இந்தப் பெரணியில் இலைநுனி சீப்புப்போல் பிரிந்த ஒரு வகை உண்டு. அதன் பெயர் விண்டெலோவ். டென்மார்க்கில் 1970இல் ட்ராபிகா செடிப் பண்ணையைத் தொடங்கிய ஹோல்கர் விண்டெலோவின் பெயர் அது. கிடைத்தால் வாங்குங்கள், பின்வரிசைக்கு அவ்வளவு பொருத்தம்.

சாப்பாடு தண்ணீரிலிருந்துதான் என்று சொன்னேன் இல்லையா. அதனால் மணலில் புதைக்கும் உர மாத்திரை இவற்றுக்கு எட்டாது. மீன் இருக்கும் தொட்டியில் மீன் கழிவே பெரும்பங்கு. மீன் குறைவாக இருந்தால் திரவ உரம், பொட்டாசியமும் நுண்சத்தும் உள்ளதாகப் பார்த்து, புட்டியில் எழுதிய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். வெளிச்சம் அதிகம் தேவையில்லை. காட்டு நிழலில் வளர்ந்தவை. மெதுவாக வளரும் இலை மாதக்கணக்கில் அப்படியே நிற்பதால், பலமான விளக்கின் கீழ் அதன் மேல் பச்சைப் புள்ளிப் பாசியும் ஓரத்தில் கறுப்பு முடிப்பாசியும் குடியேறிவிடும். விளக்கு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். அனுபியாஸை உயர்ந்த செடிகளின் நிழலில், ஃபில்டர் தண்ணீர் வந்து படும் பக்கமாக வையுங்கள். பாசி முற்றிய இலையைத் தேய்த்துக்கொண்டிருப்பதைவிட வெட்டிவிடுவது மேல்.

நம் ஊரில் உண்மையான எதிரி கோடை. சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் சாதாரணமாக 31, 32 டிகிரிக்குப் போகும். அனுபியாஸ் சமாளிக்கும். ஜாவா ஃபெர்னில் கறுப்புத் திட்டுகள் வரும், மோஸ் பழுக்கும், பூசெஃபலாண்ட்ரா இலையைக் கொட்டும். நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடவிட்டால் ஆவியாதலில் ஒன்றிரண்டு டிகிரியாவது குறையும். குறைந்த தண்ணீரைத் தினம் நிரப்ப வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். அதனால் நிரப்புவதற்கு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. சென்னையில் புதிதாகத் தொடங்குபவர் மார்கழி, தை மாதத்தில் தொடங்கினால் செடி வேர்பிடித்து நிலைகொண்ட பிறகே வெயிலைப் பார்க்கும்.

எல்லாச் செடியையும் கட்டையில் ஏற்ற முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாலிஸ்நேரியா, அமேசான் ஸ்வார்டு, இலங்கையிலும் நம் மேற்குத்தொடர்ச்சி மலை ஓடைகளிலும் வளரும் கிரிப்டோகோரைன் எல்லாம் மண்ணில் வேர்விட்டுச் சாப்பிடும் செடிகள். அவற்றைக் கட்டையில் கட்டினால் பட்டினிதான். கடையில் சந்தேகம் வந்தால் கூடையை உயர்த்திப் பாருங்கள். படுத்த தண்டு இருந்தால் கட்டைக்கு. இலையெல்லாம் ஒரே புள்ளியிலிருந்து கொத்தாகக் கிளம்பி, அடியில் வெள்ளை வேர் இறங்கினால் மண்ணுக்கு.

அனுபியாஸ் நன்றாகப் பிடித்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, செடியைத் தொட வேண்டாம், கட்டையைப் பாருங்கள். தண்டிலிருந்து இறங்கிய புது வேர் மரத்தின் வரிகளுக்குள் படுத்து, பரப்போடு ஒட்டிப்போயிருக்கும். அப்படி மூன்று நாலு வேர் தெரிந்தபிறகு, நரம்பால் கட்டியிருந்தால் கத்தரியால் நறுக்கி இடுக்கியால் உருவிவிடலாம். தண்டுக்குள் புதைந்துவிட்ட நரம்பை இழுக்காதீர்கள்; இரண்டு பக்கமும் நறுக்கிவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.